கூடத்துல அண்ணன் தம்பி சண்டை சீன், யாரை எங்க நிறுத்துறது?

வெண்ணாத்தங்கரை:
வணக்கம் மக்களே. யூட்யூப்புக்கு ஒரு குடும்பத் தொடர் எடுக்கப் போறோம், பாபநாசம் பக்கம் பழைய ஓட்டு வீடு ஒண்ணு கெடைச்சிருக்கு, திண்ணை ரேழி கூடம் முற்றம் எல்லாம் அப்படியே இருக்கு. முதல் எபிசோடுல பெரிய சீன் பாகப்பிரிவினை. அண்ணன் ஊர்லயே இருந்து நெலத்தைப் பாத்தவர், தம்பி திருப்பூர்லேந்து வந்து என் பங்கை வித்துடுறேன்னு சொல்றான். ரெண்டு பேரும் கத்தவே மாட்டாங்க, அதான் கதையே. ஆனா ரிகர்சல்ல எதிரெதிரா நின்னு பேசினா பட்டிமன்றம் மாதிரி இருக்கு. சீரியல்ல பண்ற மாதிரி மூஞ்சி மூஞ்சியா ஜூம் அடிக்க இஷ்டம் இல்ல. கேமரான்னு இருக்குறது ஒரே ஒரு போன். கோவத்தை எப்படித்தான் காட்டுறது?

ஒத்தக்கேமரா:
கேமராவை கொஞ்ச நேரம் ஓரமா வைங்க தம்பி. இந்த சீன்ல யாருக்கு என்ன வேணும்? தம்பிக்கு அண்ணன் வாயால ஒரு சரி வேணும், அண்ணனுக்கு இந்தப் பேச்சே நடக்கக் கூடாது. அப்ப ஒருத்தன் நெருங்கணும் இன்னொருத்தர் நழுவணும், அவ்ளோதான் பிளாக்கிங், அதாவது யார் எங்க நிக்கணும் எப்ப நகரணும்ங்குறது. அண்ணனுக்கு கையில ஒரு வேலை குடுங்க, குறுவைக்கு வெத நெல்லு மூட்டையைப் பிரிச்சுப் பாக்குறார்னு வைங்க, தம்பி வாயைத் தொறந்த ஒடனே எழுந்து முற்றத்துக்கு அந்தப் பக்கம் போயிடுறார், இவன் தாழ்வாரத்தைச் சுத்திக்கிட்டு பின்னாடியே வரான், வசனம் அதேதான் ஆனா இப்ப ஒருத்தர் தப்பிக்கப் பாக்குறார்னு தெரியுது. அண்ணன் ஒரே ஒரு எடத்துல நிக்கணும். 'வித்துடுறேன்'ங்குற வார்த்தையில இல்ல, அவன் வெலை சொல்ற எடத்துல. ஏன்னா அப்பதான் ஏற்கெனவே ஆள் பாத்துட்டான்னு தெரியுது. க்ளோசப்பை அதுவரைக்கும் செலவு பண்ணாதீங்க.

அதுக்கு முன்னாடி வரைக்கும் சஜஷன்ல எடுங்க, ஒருத்தர் பேசும்போது மத்தவர் தோள் பிரேம்ல இருக்கட்டும். வெலை சொன்னதுக்கு அப்புறம் தோளே கெடையாது, தனித்தனி. பாக்குறவனுக்கு என்ன மாறுச்சுன்னு சொல்லத் தெரியாது, ஆனா ஒறைக்கும். ரெண்டு பேரையும் இணைக்குற கற்பனைக் கோடு, அதான் இமேஜினரி லைன், அதைக் கேமரா தாண்டணும்னா தம்பியை நடக்க விட்டு கேமராவும் கூடவே போயித் தாண்டுங்க, சும்மா ஷாட்டைக் கட் பண்ணித் தாண்டினா பார்வை திசை மாறி ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்குற மாதிரி ஆயிடும். அப்புறம் லோ ஆங்கிள்னா பவர்னு யூட்யூப்ல சொல்வாங்க, நம்பாதீங்க, ஊஞ்சல்ல உக்காந்து ஆடிக்கிட்டே பதில் சொல்லாத பெரியவர்தான் எந்த வீட்லயும் பவரு.

கட்_பேஸ்ட்:
சீரியலை ரொம்பத் திட்டாதீங்கப்பா. அங்க ரெண்டு மூணு கேமரா ஒண்ணா ஓடுது, ஒரே நாள்ல பல சீன் முடிக்கணும், அதான் எல்லாரும் அரைவட்டமா ஒரே பக்கம் பாத்து நிக்குறாங்க. 1951ல அமெரிக்கால ஐ லவ் லூசி காமெடித் தொடரை ஆடியன்ஸ் முன்னாடி மூணு பிலிம் கேமராவை ஒரே நேரத்துல ஓடவிட்டு எடுத்தாங்க, கார்ல் ஃப்ராய்ண்ட்னு கேமராமேன், எந்தப் பக்கத்துலேந்து புடிச்சாலும் சரியா இருக்குற மாதிரி மேலேந்து சமமா லைட்டு போட்டார். சிரிப்புக்கு அது சரி. சண்டைக்கு ஒருத்தர் வெளிச்சத்துல ஒருத்தர் நெழல்ல இருந்தாத்தான் நல்லா இருக்கும், உங்களுக்கு ஒரே கேமராங்கறதால அது முடியும். உச்சி வேளையில முற்றத்துல வெயில் நேரா விழும், தாழ்வாரம் இருட்டா இருக்கும், அந்த நேரத்தை விட்டுடாதீங்க, ஆனா வெயில் நகர்ந்துடும், அதனால முற்றம் தெரியுற வைடு ஷாட்டெல்லாம் மொதல்ல முடிச்சுடுங்க.

இன்னொண்ணு, போனோட மெயின் லென்ஸ் கிட்டத்தட்ட 24, 26 எம்எம் மாதிரி, வைடு, அதாவது அகலமாப் புடிக்கும். அதை மூஞ்சிகிட்ட கொண்டுபோனா மூக்கு பெருசாத் தெரிஞ்சு அண்ணன் காமெடியனா ஆயிடுவார். தூரத்துல இருக்குறதைக் கிட்டக் காட்டுற டெலி லென்ஸ் போன்ல இருந்தா தள்ளி நின்னு அதுல எடுங்க.

மெலட்டூர்க்காரி:
எங்க ஊர்ல நரசிம்ம ஜெயந்திக்கு பாகவத மேளா போடுவாங்க, பிரகலாத சரித்திரம், பாட்டு வசனமெல்லாம் தெலுங்குல. நரசிம்மர் முகமூடி போட்டவரை ஆளுங்க பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, எதிர்ல இரணியன். வயித்தைக் கலக்குறது அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்குற எடம்தான். உங்க முற்றத்தையும் அப்படி வச்சுக்கோங்க, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் அதுக்குள்ள எறங்கவே கூடாது.

அது சரி, வீட்ல பொம்பளைங்களே இல்லையா? பாகம் பிரிக்கிற பேச்சு நடந்தா அடுக்களை வாசப்படியில ஒருத்தி நிக்காம இருப்பாளா? அம்மா எங்க?

வெண்ணாத்தங்கரை:
அக்கா, அம்மா செத்துட்டாங்கன்னு கதையில வச்சுட்டோம். அண்ணிதான் இருக்காங்க, அவங்களுக்கு வசனம் இல்லங்குறதால இந்த சீன்ல அவங்களை வைக்கல.

மெலட்டூர்க்காரி:
வசனம் எதுக்குங்குறேன்? தூணுக்குப் பின்னாடி நிக்க வைங்க, போன்ல பின்னாடி நிக்குறவங்களும் தெளிவாத் தெரிவாங்க, அது நல்லதுக்குதான். வெலை சொன்ன ஒடனே ஒரு சொம்பு தண்ணியோட வந்து தம்பிக்கு நீட்டட்டும், புருஷனைத் தாண்டி. அண்ணி யார் பக்கம்னு ஊரே பேசும்.

ஒத்தக்கேமரா:
சூப்பர் அக்கா. அப்ப அந்த க்ளோசப்பை அண்ணனுக்கு வைக்க வேணாம் தம்பி, அவரு பொஞ்சாதியைப் பாக்குறதை சொம்பு கை எல்லாம் பிரேம்ல வச்சு ஒரே மிட் ஷாட்ல எடுங்க. சட்டையில மைக் மாட்டுங்க, ஊஞ்சல் சங்கிலி சத்தம் எல்லா டேக்லயும் விழும்.