அப்டேட்: தங்கச்சிக்கு லைட்டான சென்ட் கேட்டிருந்தேன்ல, வாங்கியாச்சு

புதுசா ஆபிஸ் போற தங்கச்சிக்கு தலைவலி வராத மாதிரி பழமும் பூவும் கலந்த வாசனைல சென்ட் சொல்லுங்கன்னு கேட்டிருந்தேன், நிறைய பேர் சொன்ன மார்க் ஜேக்கப்ஸ் டெய்ஸியே எடுத்தாச்சு, 2007ல வந்தது, மூடி மேல வெள்ளை பூவா ஒட்டிருக்கும். அடிச்சதும் ஸ்ட்ராபெர்ரி தூக்கலா வருது, அது சீக்கிரம் பறந்துடுது, அப்புறம் மல்லிப்பூ சாயல்ல தோலோட ஒட்டி நிக்குது. தண்டையார்பேட்டை வெயில்ல பஸ்ல வேர்த்தா நிக்குமான்னு கேட்டவங்களுக்கு, சாயங்காலம் வரைக்கும்லாம் நிக்காது, ஈடிடி (eau de toilette, லைட்டான வகை சென்ட்) தானே. குளிச்சிட்டு வாசனை இல்லாத லோஷன் தடவி அது மேல அடிச்சா கொஞ்சம் தாங்குது. சத்தமில்லாம சிரிச்சிட்டே காரியத்த முடிக்கிற டைப்புக்கு செம செட்டு. அத்தர் பார்ட்டியான எங்க பெரியம்மா மோந்து பாத்துட்டு "இன்னாடி இது, தண்ணி மாதிரி கீது"ன்னுட்டாங்க, அவங்களுக்கு மண்ணடி அத்தர் கடைதான் லாயக்கு.