ஆண்ட்ராய்டு எஸ்டிகே பாதையில் கேள்விக்குறிகள் வருகின்றன, நிறுவல் முடியவில்லை

கேள்வி: வளவுவாசி, கானாடுகாத்தான்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஆத்தங்குடி டைல்ஸ் வாங்க வருபவர் அறையின் நீள அகலத்தைக் கொடுத்துப் பூ வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், நடுவில் எத்தனை, ஓரத்திற்கு எத்தனை என்று கணக்குப் போட்டுத் தரும் கைப்பேசிச் செயலியை, ஃப்ளட்டர் என்ற செயலி உருவாக்கக் கருவியில் எழுத வேண்டும் என்பது என் திட்டப்பணி. செயலியில் ஒரு வரிகூட இன்னும் எழுதவில்லை. நான்கு நாள்களாக, ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கத் தேவைப்படும் கருவித் தொகுப்பான எஸ்டிகேயை நிறுவுவதிலேயே நிற்கிறேன்.

மடிக்கணினி என் அப்பத்தாவுடையது, விண்டோஸ் 11. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் காணொளி அழைப்புக்காக வாங்கிக் கொடுத்தபோது, பயனர் கணக்கையும் தாமே தொடங்கி, ‘ஆச்சி வீடு’ என்று தமிழிலேயே பெயர் வைத்துவிட்டுப் போனார். (எனக்கு அப்பத்தா, ஊருக்கு ஆச்சி.) வைஃபை ரவுட்டர் முகப்பில் இருப்பதாலும், எங்கள் வீட்டுச் சுவர் தாண்டி இரண்டாம் கட்டுக்கு அலை வந்து சேராததாலும், செயலி எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை நிறுவியபின் அதுவே எஸ்டிகேயை இறக்கத் தொடங்கியபோது பாதியில் அறுந்துவிட்டது. ஆகவே கட்டளைவரிக் கருவிகளை மட்டும் தனி ஜிப் கோப்பாகக் கைப்பேசி இணைப்பில் இறக்கி, பயனர் கோப்புறைக்குள் விரித்து வைத்தேன்.

இப்போது மூன்று வகையான பிழைகள் வருகின்றன. நிறுவலைச் சோதிக்கும் ‘ஃப்ளட்டர் டாக்டர்’ கட்டளை, கட்டளைவரிக் கருவிகள் காணப்படவில்லை என்கிறது; கோப்புறையைத் திறந்தால் அவை என் கண்ணெதிரே இருக்கின்றன. உரிமங்களை ஏற்பதற்காக எஸ்டிகே மேனேஜரை நேரடியாக இயக்கினால், நிரல் 61.0 பதிப்பில் தொகுக்கப்பட்டது, இங்குள்ள ஜாவா 52.0 வரைதான் அறியும் என்ற பொருளில் ஒரு செய்தி தந்து நின்றுவிடுகிறது. கல்லூரி ஆய்வகப் பயிற்சிக்காக ஜாவா 8 நிறுவியிருக்கிறேன். மூன்றாவதுதான் விளங்கவே இல்லை. ஸ்டுடியோவில் திட்டத்தைத் திறந்தால் செயலியைக் கட்டித் தரும் கிரேடில் கருவியின் ஒத்திசைவு தோற்றுப்போகிறது. பிழைச் செய்தியில் என் பயனர் கோப்புறையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்????? ???? என்று வருகிறது. ‘ஆச்சி’ மூன்றெழுத்து, ‘வீடு’ இரண்டெழுத்து. கேள்விக்குறிகளோ ஐந்தும் நான்கும். வேறு ஏதோ கோப்புறையைத் தேடுகிறதோ என்று ஐயமாக இருக்கிறது.

வழி தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: செஞ்சை நிரலர்

இந்தத் தொல்லையை நானும் பட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, நிறுவியின்மீது வலச்சொடுக்கிட்டு நிர்வாகி உரிமையுடன் மீண்டும் நிறுவுங்கள். ஃப்ளட்டரையும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் வைத்துவிட்டால் பயனர் கோப்புறைச் சிக்கலே வராது. எனக்குப் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

மறுமொழி 2: செக்காலைக்காரன்

செஞ்சை நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது; அவர் சொன்ன வழியில் இந்தப் பிழை போகாது, புதிதாக ஒன்று சேரும். நிர்வாகியாக இயக்கினாலும் பாதையின் பெயர் மாறுவதில்லை. மேலும், அப்படி இயக்கும்போது உருவாகும் கோப்புகளைப் பின்னர் சாதாரணமாக இயக்கும்போது திருத்த முடியாமல் போவதுண்டு. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ போல உயர் உரிமை கேட்கும் இடத்தில் ஃப்ளட்டரை வைக்க வேண்டாம் என்று அதன் ஆவணமே கூறுகிறது. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள அது தன் கோப்புறையில் எழுத வேண்டியிருக்கும்.

தம்பி, நீங்கள் கேள்விக்குறிகளை எண்ணிப் பார்த்தது நல்ல வேலை. விடை அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. நாம் ‘ஆச்சி’ என்பதை ஆ, ச், சி என்று மூன்றாக வாசிக்கிறோம். யூனிகோடு அதை ஆ, ச, புள்ளி, ச, இகரக் குறி என்று ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கிறது. ‘வீடு’ என்பதும் அப்படியே: வ, ஈகாரக் குறி, ட, உகரக் குறி. ஐந்தும் நான்கும் சரியாகப் பொருந்துகின்றன. ஆகவே அது தேடுவது உங்கள் கோப்புறையைத்தான். ஆனால் பெயரை எழுத அதற்குத் தெரியவில்லை.

காரணம் பழையது. யூனிகோடு வருவதற்கு முன்னிருந்த நிரல்களுக்காக விண்டோஸ் ஒவ்வொரு மொழிப்பகுதிக்கும் ஒரு குறியீட்டுப் பக்கம், அதாவது எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல், வைத்திருந்தது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு 1252ஆம் பக்கம்; நம் ஊர்க் கணினிகளிலும் பெரும்பாலும் அதுதான் இயங்குகிறது. தமிழுக்கு அப்படி ஒரு பக்கம் ஒருபோதும் இருந்ததில்லை. விண்டோஸில் தமிழ் யூனிகோடு வழியாக மட்டுமே உண்டு. எனவே ஒரு கருவி பழைய வழியில் பாதையைக் கேட்டால், பிரெஞ்சுக்காரரின் பெயரில் உள்ள கொம்பு வைத்த எழுத்துத் தப்பிவிடும். ஆச்சியின் பெயர் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறியோ விண்டோஸ் கோப்புப் பெயரில் அனுமதிக்கப்படாத குறி. அப்படி ஒரு கோப்புறை இருக்கவே முடியாது என்பதால் தேடல் தோற்கிறது. ஸ்டுடியோ, கிரேடில், என்டிகே (சி, சி++ நிரல்களுக்கான கருவித் தொகுப்பு) எல்லாம் ஒன்றையொன்று அழைக்கும் சங்கிலியில் ஒரு கண்ணி பழைய வழியில் சென்றாலும் போதும். போதாக்குறைக்குப் பெயரில் ஓர் இடைவெளியும் இருக்கிறது. என்டிகே கருவிகளுக்கு அது தனியாகவே ஆகாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பயனர் கோப்புறைக்குள் போகிற ஒவ்வொன்றையும் வெளியே திருப்பிவிடுவது. எஸ்டிகே, கிரேடில் தற்காலிகச் சேமிப்பு, ஃப்ளட்டரின் நிரல் தொகுப்புகளை வைக்கும் பப் சேமிப்பு, கணினித் திரையில் ஓடும் போலிக் கைப்பேசிகள் இருக்கும் ஆண்ட்ராய்டு கோப்புறை, விண்டோஸின் டெம்ப், டிஎம்பி ஆகியவை எல்லாம் இயல்பாகப் பயனர் கோப்புறைக்குள்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூழல் மாறி (நிரல்களுக்கு இடத்தைச் சொல்லும் அமைப்பு) அமைக்கலாம். ஓட்டு வீட்டில் ஒழுகும் இடத்திலெல்லாம் பாத்திரம் வைப்பது போன்றது இது. ஒன்றை மறந்தால் அங்கே ஒழுகும்.

எனவே நான் சொல்வது இரண்டாவது வழி. அப்பத்தாவின் கணக்கை அப்படியே விட்டுவிடுங்கள். உங்களுக்கென்று தனியாக ஓர் உள்ளகப் பயனர் கணக்கைத் தொடங்கி, இடைவெளி இல்லாமல் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் பெயர் கொடுங்கள். கோப்புறையின் பெயர் கணக்கு முதலில் தொடங்கும்போது இட்ட பெயரை வைத்து அமைகிறது. பின்னர் திரையில் தெரியும் பெயரைத் தமிழுக்கு மாற்றினாலும் கோப்புறை மாறாது. இதே காரணத்தால், ‘ஆச்சி வீடு’ என்பதை இப்போது பெயர் மாற்றியும் பயனில்லை. விண்டோஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் பதிவேட்டில் கைவைத்துக் கோப்புறைப் பெயரையே மாற்றச் சொல்லும் காணொளிகளைப் பார்த்துச் செய்ய வேண்டாம். தவறினால் அப்பத்தா சிங்கப்பூருக்குப் பேச முடியாமல் போகும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பழைய வழியில் கேட்கும் நிரல்களுக்கும் யூனிகோடைத் தர, மொழி அமைப்பில் உலகளாவிய யூடிஎஃப்-8 ஆதரவு என்று ஒரு தெரிவும் விண்டோஸில் உண்டு. அது இன்னும் பீட்டா என்ற குறிப்புடன் இருக்கிறது. கணினி முழுவதையும் பாதிக்கும். அடுத்தவர் கணினியில் நான் அதைத் தொடமாட்டேன்.

மறுமொழி 3: தேவகோட்டை ரஸ்தா

செக்காலைக்காரர் அடித்தளத்தைச் சொல்லிவிட்டார். மற்ற இரண்டு பிழைகளும் இதனோடு தொடர்பில்லாதவை என்பதால் புதிய கணக்கிலும் வரும். அவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

முதலில் கருவிகள் கண்ணெதிரே இருந்தும் காணவில்லை என்பது. அந்த ஜிப் கோப்பை விரித்தால் ‘சிஎம்டிலைன்-டூல்ஸ்’ என்ற கோப்புறையும் அதற்குள் நேரடியாக ‘பின்’, ‘லிப்’ கோப்புறைகளும் வரும். எஸ்டிகே எதிர்பார்ப்பதோ நடுவில் இன்னொரு கட்டு. எஸ்டிகே கோப்புறைக்குள் ‘சிஎம்டிலைன்-டூல்ஸ்’, அதற்குள் ‘லேட்டஸ்ட்’, அதற்குள்தான் ‘பின்’. முகப்பைத் தாண்டியதும் நடு முற்றமான வளவு இல்லாமல் நேரே அடுப்படி இருந்தால் நம் வீட்டு ஆள்கள் திகைப்பார்கள் அல்லவா, அப்படித்தான் அதுவும் திகைக்கிறது. ‘லேட்டஸ்ட்’ என்ற கோப்புறையை உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குள் நகர்த்துங்கள். இணைப்பு நன்றாக இருந்தால் கையால் நகர்த்தவே வேண்டாம். ஸ்டுடியோவின் எஸ்டிகே மேனேஜரில் எஸ்டிகே டூல்ஸ் பகுதியில் கட்டளைவரிக் கருவிகளைத் தேர்ந்தெடுத்தால் அதுவே உரிய இடத்தில் வைத்துவிடும்.

அடுத்தது 61.0, 52.0. இந்த எண்களிலிருந்து 44ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு வந்துவிடும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் ஜாவா 11, 61 என்றால் ஜாவா 17. அதாவது கருவி ஜாவா 17 கேட்கிறது, உங்கள் கணினி 8ஐ நீட்டுகிறது. ஆண்ட்ராய்டு கிரேடில் செருகுநிரலும் 8.0 பதிப்பிலிருந்து ஜாவா 17 கேட்கிறது என்பதால் இதைத் தவிர்க்க இயலாது.

ஆனால் புதிய ஜாவாவை நீங்கள் இறக்கவே தேவையில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ தன்னோடு ஒரு ஜாவாவைக் கொண்டு வருகிறது. ஸ்டுடியோவின் நிறுவல் கோப்புறைக்குள் ‘ஜேபிஆர்’ என்ற பெயரில் இருக்கும். ஃப்ளட்டர் அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். கட்டளை தட்டும் சாளரமான முனையத்திலிருந்து நேரடியாக அழைக்கப்படும் எஸ்டிகே மேனேஜருக்கு அது தெரியாது. அது முதலில், ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜாவா ஹோம் மாறியைப் பார்க்கும், அது இல்லையென்றால் நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலான பாத் மாறியில் முதலில் அகப்படும் ஜாவாவை எடுத்துக்கொள்ளும். ‘வேர் ஜாவா’ என்று தட்டச்சு செய்து பாருங்கள். முதல் வரியில் ‘ஜாவாபாத்’ என முடியும் கோப்புறை வந்தால் அதுதான் உங்கள் பழைய 8. விண்டோஸ் கணினிக்குரிய பாதையை முன்னாலும் பயனருக்குரிய பாதையைப் பின்னாலும் ஒட்டுவதால், பயனர் பகுதியில் எத்தனை முறை புதிய பாதையைச் சேர்த்தாலும் பழையதே வெல்லும். ஆகவே ஜாவா ஹோம் மாறியை ஜேபிஆர் கோப்புறைக்கு அமைத்தால் போதும். ஜாவா 8 ஆய்வகத்துக்காக அங்கேயே இருக்கட்டும். மாறியை அமைத்தபின் புதிய முனையத்தைத் திறந்துதான் சோதிக்க வேண்டும். முன்பே திறந்திருந்த சாளரம் பழைய மதிப்பையே வைத்திருக்கும்.

பட்டறிவில் ஒன்று. பாத் மாறியைத் திருத்த ‘செட்எக்ஸ்’ கட்டளையைப் பயன்படுத்தாதீர்கள். 1024 எழுத்துகளுக்கு மேல் இருந்தால் மீதியை வெட்டிவிடும். அலுவலகக் கணினியில் அப்படிச் செய்துவிட்டு, மறுநாள் கிட், நோடு, பைத்தான் மூன்றும் ஒரே நேரத்தில் காணாமல் போனதற்கு வைரஸ் என்று நினைத்து ஒரு பகலை வீணாக்கியிருக்கிறேன். அமைப்புகளில் உள்ள சூழல் மாறிகள் சாளரத்திலேயே திருத்துங்கள்.

வளவுவாசி

அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. ஊர்ப்பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் வைத்துப் புதிய கணக்குத் தொடங்கினேன். சி டிரைவில் நேரடியாக ஒரு கோப்புறை அமைத்து ஃப்ளட்டரையும் எஸ்டிகேயையும் அதில் வைத்து, ‘லேட்டஸ்ட்’ கட்டையும் கட்டி, ஜாவா ஹோமையும் அமைத்தபின் உரிமங்கள் ஒவ்வொன்றாக வந்து, எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாயிற்று. கேள்விக்குறிகள் போய்விட்டன.

இரண்டு ஐயங்கள் மட்டும் இருக்கின்றன. முதல் முறை செயலியைக் கட்டும்போது கிரேடில் இறங்கிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனது. திரும்ப இயக்கினால் ஜிப்பின் முடிவுத் தலைப்பைக் காணவில்லை என்கிறது. அடுத்து, ஃப்ளட்டர் டாக்டரில் விஷுவல் ஸ்டுடியோ நிறுவப்படவில்லை என்று ஒரு சிவப்புக் குறி நிற்கிறது. அதையும் இறக்க வேண்டுமா?

தேவகோட்டை ரஸ்தா

முதலாவது, பாதி இறங்கிய கோப்பு. புதிய பயனர் கோப்புறையில் ‘.கிரேடில்’, அதற்குள் ‘ராப்பர்’, அதற்குள் ‘டிஸ்ட்ஸ்’ என்று போனால் கிரேடில் பதிப்பின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் கட்டுங்கள். இந்த முறை மடிக்கணினியோடு முகப்புக்கே வந்து ரவுட்டரின் அருகில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒருமுறை முழுதாக இறங்கிவிட்டால் பிறகு இரண்டாம் கட்டில் இருந்தே வேலை செய்யலாம்.

விஷுவல் ஸ்டுடியோ விண்டோஸ் மேசைக்கணினிச் செயலிகளுக்குத்தான் தேவை. உங்கள் செயலி கைப்பேசிக்கு என்பதால் அந்தச் சிவப்புக் குறி அப்படியே இருக்கலாம்.

வளவுவாசி

முகப்பில் உட்கார்ந்து கட்டியதில் இறங்கி முடிந்தது. போலிக் கைப்பேசி இந்தக் கணினியில் மிகவும் தளர்ந்து நடப்பதால், என் கைப்பேசியிலேயே கட்டமைப்பு எண்ணை ஏழு முறை தட்டி உருவாக்குநர் தெரிவுகளைத் திறந்து, யூஎஸ்பி வழியாக மாதிரிச் செயலியை ஓட்டிவிட்டேன். கூட்டல் பொத்தானை அழுத்தினால் எண் ஏறுகிறது. இனி டைல்ஸ் கணக்கைத் தொடங்க வேண்டும்.