டி480 லேப்டாப்புக்கு ரேம் 32 ஜிபிதான் லிமிட்டா? யாரு சொன்னா?

பாயான்_பையன்:
நேத்து இன்னொரு திரியில லேப்டாப் கேட்டு வந்த ஒருத்தங்ககிட்ட செந்தூல்சேகர் சொல்லியிருக்காரு, "லெனோவோ திங்க்பேட் டி480-க்கு ரேம் 32 ஜிபிதான் லிமிட், 64 போட்டா போர்டு செத்துடும், காசு தண்டம்"னு. படிச்சதுலேர்ந்து மனசே ஆறல. என் மேசையில இருக்கிறதே டி480. ரேம் மாட்டுற ஸ்லாட்டு ரெண்டு, 32-ம் 32-ம் மொத்தம் 64, ரெண்டு வருஷமா ஓடுது. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, காசு எண்ணி வாங்குறவங்கள பயமுறுத்தாதீங்க.

செந்தூல்சேகர்:
வந்துட்டாரு பினாங்கு இன்ஜினியர். அண்ணே, ஸ்பெக் ஷீட்ட, அதான் கம்பெனி போடுற விவரத்தாள, நானா எழுதினேன்? மேக்சிமம் 32-னு லெனோவோவே போட்டிருக்கான். இன்டெல் பக்கத்துல அதுல இருக்கிற ஐ5-8250யு சிபியுவப் போய்ப் பாருங்க, அங்கயும் 32. செஞ்சவனுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்.

மலர்_பிரிக்பீல்ட்ஸ்:
கேட்டது நான்தாங்க. மகளுக்கு, செப்டம்பர்ல யூனி, அக்கவுண்டிங். லிமிட் லிமிட்னு சொல்றீங்களே, அது சிபியுவோடதா, போர்டோடதா, விண்டோஸோடதா? கடைக்காரரு 8 ஜிபி ரேம போர்டுலயே சோல்டர் பண்ண, கழட்ட முடியாத லேப்டாப் ஒண்ணு காட்டுறாரு, மெலிசா அழகா இருக்கு, மகளுக்குப் புடிச்சிருக்கு. வாங்கலாமா?

பாயான்_பையன்:
சேகரு, ஸ்பெக் ஷீட்டப் படிக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, அது எப்ப எழுதினதுன்னு பாக்கணும். டி480 வந்தது 2018 ஆரம்பத்துல. அன்னிக்கு லேப்டாப் ஸ்லாட்டுக்குக் கடையில கெடச்ச பெரிய டிடிஆர்4 ரேம் ஸ்டிக்கே 16 ஜிபி. ஸ்லாட்டு ரெண்டு, 16-ம் 16-ம் 32, அதத்தான் டெஸ்ட் பண்ணி எழுதினான். கையில இல்லாத 32 ஜிபி ஸ்டிக்க எப்படி டெஸ்ட் பண்ணுவான்? இதே கதைதான் இன்டெல்லோட ஐ9-9900கே சிபியுவுக்கும், வந்தப்ப 64-னு போட்டிருந்தான், அப்புறம் 16 கிகாபிட் சிப் வெச்ச 32 ஜிபி ஸ்டிக் வந்ததும் இன்டெல்லே அத 128-னு மாத்தினான், சிபியு அதே சிபியுதான், ஒரு கம்பிகூட மாறல, பேப்பர்ல நம்பர் மட்டும்தான் மாறுச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?

செந்தூல்சேகர்:
அதுக்கு இன்டெல் மாத்தினான், இதுக்கு மாத்தலையே! மாத்தலன்னா 32-தான். ஸ்பெக்க மீறினா என்ன ஆகும்னு கதை சொல்லவா? ஆபீஸ்ல எச்81 போர்டு டெஸ்க்டாப் ஒண்ணு, லிமிட் 16. உங்கள மாதிரி ஒரு ஆளு "அதெல்லாம் சும்மா எழுதுறது"ன்னு சொல்லி 16 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் ரெண்டு வாங்க வெச்சாரு. ஆன் பண்ணா திரை இருட்டு, ஒரு பீப்கூட இல்ல. கடையில திருப்பி எடுக்கல. யாரு காசு போச்சு? என் காசு.

பாயான்_பையன்:
அது வேற ஜாதி மெஷினு. உங்க எச்81 போர்டுல போடுற இன்டெல் ஹாஸ்வெல் தலைமுறை சிபியு வரைக்கும், ரேமப் பாத்துக்கிற அந்த மெமரி கன்ட்ரோலருக்கு 8 கிகாபிட் டிடிஆர்3 சிப்ப அட்ரஸ் பண்ணவே தெரியாது, அதனால ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிக்கு மேல ஏறாது. அது நெசமான சுவர். டி480-ல இருக்கிறது கேட்டுல ஒட்டின பேப்பரு. நான் பேசறது டி480. 64 ஓடுது.

செந்தூல்சேகர்:
32.

பட்டர்வொர்த்_மாமா:
தம்பிங்களா, 2008-ல நான் 4 ஜிபி போட்டு விண்டோஸ் 3.25-னு காட்டுச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்னு பாலம் தாண்டி பிராங்கின் மால் வரைக்கும் போய் சண்ட போட்டேன். அப்புறந்தான் தெரிஞ்சது 32 பிட் விண்டோஸுன்னா ரேமுக்குக் குடுக்கிற அட்ரஸ் 2-இன் 32-ஆம் அடுக்கு, 4 ஜிபியோட முடிஞ்சது, அதுலயும் கிராஃபிக்ஸ் கார்டு, மத்த கார்டெல்லாம் மேல இருக்கிற அட்ரஸ எடுத்துக்கும். அதனால லிமிட்னு எழுதியிருந்தா லிமிட்டுதான். சேகரு சொல்றது சரி.

பாயான்_பையன்:
மாமா, உங்க உதாரணமே என் பக்கந்தான் பேசுது. 1995-ல வந்த பெண்டியம் ப்ரோ சிபியுவுலயே 36 பிட் அட்ரஸ் இருந்துச்சு, 64 ஜிபி வரைக்கும். 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003 என்டர்பிரைஸ் 4 ஜிபிக்கு மேல எடுத்துக்கிச்சு, உங்க விண்டோஸ் எக்ஸ்பிக்கு மட்டும் 4-னு மைக்ரோசாஃப்ட் கட்டிப் போட்டான். 64 பிட் விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம்கூட 16-தான், அதே 7 புரொஃபஷனல் 192. ஒரே மெஷினு, பொட்டி மேல இருக்கிற பேரு மாறினா லிமிட்டு மாறுது. அப்ப எழுதி வெச்சதெல்லாம் வேதமா?

தமிழாசான்:
ஒரு வேண்டுகோள். "மெமரி", "ரேம்" என்று ஏன் அல்லல்படுகிறீர்கள்? நினைவகம் என்று அழகான சொல் இருக்கிறதே.

செந்தூல்சேகர்:
ஐயா, கடையில போய் நினைவகம் குடுங்கன்னு கேட்டா நினைவு மண்டபத்துக்கு வழி சொல்லுவான். இப்ப அது முக்கியமா?

தமிழாசான்:
மொழி முக்கியமில்லை என்று சொல்லும் நீங்கள்தானே பொங்கல் வாழ்த்துத் திரியில் எனக்கு இலக்கணம் சொன்னீர்கள்? மறக்கவில்லை.

மலர்_பிரிக்பீல்ட்ஸ்:
8 ஜிபி சோல்டர் பண்ணது வாங்கலாமான்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

செந்தூல்சேகர்:
சரி, ஆதாரம் கேட்டீங்கல்ல, இந்தாங்க. அக்கா மகனோட டி480-ல கமாண்ட் போட்டுப் பாத்தேன், மேக்ஸ் கெப்பாசிட்டி 33554432. கிலோபைட் கணக்கு. 1024-ஆல ரெண்டு தடவ வகுங்க, 32 ஜிபி. மெஷினே தன் வாயால சொல்லுது.

பாயான்_பையன்:
மெஷினு சொல்லல, மெஷின ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற பயாஸ் புரோகிராம்ல எவனோ அடிச்சு வெச்ச டேபிள்ல இருக்கிற நம்பர் அது, என்கிட்டயும் அதே 33554432-தான் காட்டுது, பக்கத்துலயே டாஸ்க் மேனேஜர்ல 64-னும் காட்டுது, ரெண்டையும் ஒரே ஸ்கிரீன்ஷாட்ல போட்டிருக்கேன் பாருங்க. 1972-லேர்ந்து இன்டெல் பினாங்குல இருக்கு, அமெரிக்காவுக்கு வெளிய அவன் தொறந்த மொத ஃபேக்டரியே எங்க ஊருதான். பாயான் லெப்பாஸ்ல 19 வருஷம் டெஸ்ட் லைன்ல நின்னவன் நான், ஸ்பெக்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுக்காதீங்க.

செந்தூல்சேகர்:
ஃபேக்டரி பக்கத்துல குடியிருந்தா சிப் டிசைனர் ஆயிட முடியுமா? எங்க கேஎல் லோயாட் கம்ப்யூட்டர் மால்ல வந்து பாருங்க, ஒரு நாளைக்கு எத்தன மெஷின தொறக்குறாங்கன்னு. போன வருஷம் உங்க பேச்சக் கேட்டு என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கினேன், என் லேப்டாப் ஸ்லாட்டு சாட்டாங்கிற வேற வகை எஸ்எஸ்டி மட்டுந்தான் எடுக்கும். இன்னும் டிராயர்லயே கெடக்கு. மன்னிப்புகூட கேக்கல.

பாயான்_பையன்:
மாடல் நம்பர் கேட்டேன், நீங்க குடுக்கல. திரி இன்னும் இருக்கு, போய்ப் படிங்க. மலர் அக்கா, சோல்டர் 8 வேணாம், அது செத்தாலும் பத்தலன்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது, அதுலயும் உள்ள இருக்கிற கிராஃபிக்ஸ் ஒரு பங்க எடுத்துக்கும், சில ஏஎம்டி ரைசன் சிபியு மெஷின்ல 8-னு போட்டிருக்கும், 5.9-தான் கையில நிக்கும். எக்செல்லும் முப்பது டேப் குரோமும் தொறந்தா மூச்சு முட்டும். ஸ்லாட்டு இருக்கிற மெஷினா 16 வாங்குங்க. இல்ல டி480 எடுங்க, 64 வரைக்கும் போகும்.

செந்தூல்சேகர்:
32 வரைக்கும். அதுவுமில்லாம டி480-ல இருக்கிற அந்த இன்டெல் 8-ஆம் தலைமுறை சிபியுதான் விண்டோஸ் 11-க்கு அடிமட்டம், இன்னும் எத்தன வருஷத்துக்கு வரும்? 2025 கடைசியிலேர்ந்து ஏஐ டேட்டா சென்டருக்கே சிப்பெல்லாம் போயி ரேம் விலை எங்கயோ நிக்குது, அக்கவுண்டிங் படிக்கிற புள்ளைக்கு 64 எதுக்கு?

பாயான்_பையன்:
64 வாங்குன்னு நான் சொன்னேனா? போகும்னுதான் சொன்னேன்! போர்டு செத்துடும்னு நீங்க சொன்னீங்க, அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

பட்டர்வொர்த்_மாமா:
ஸ்கிரீன்ஷாட் யாரு வேணாலும் பண்ணலாம் தம்பி.

பாயான்_பையன்:
மாமா நீங்களுமா? சரி. இன்னிக்கு ராத்திரி ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட் போடுறேன், 64-ம் முழுசா, விடிய விடிய. காலையில வீடியோவே ஏத்துறேன், என் கையும் மெஷினும் ஸ்டிக்கரும் எல்லாம் தெரியும்.

செந்தூல்சேகர்:
ஏத்துங்க. ஸ்பெக் ஷீட்டுல அப்பவும் 32-தான் இருக்கும்.