மழை கொட்டித் தீர்த்துவிட்டது, வாத்து வேட்டை சீசன் எப்படி இருக்கும்?

சேற்றுக்கால்:
மூன்று வாரமாக விட்டு விட்டு அடைமழை. போன வருடம் வெடித்துக் கிடந்த எங்கள் சதுப்பு இப்போது கரை தெரியாமல் நிற்கிறது. சீசனுக்கு இன்னும் இரண்டு மாதம். தண்ணீர் இருந்தால் வாத்து வரும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வட அமெரிக்காவில் டகோட்டா முதல் சஸ்காட்செவன் வரை பனியாறுகள் விட்டுப்போன குழிக்குளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1955 முதல் அங்கே விமானத்தில் பறந்து வாத்தையும் குளத்தையும் எண்ணிவருகிறார்கள். 2011-ல் நல்ல ஈரம். குளங்கள் 80 லட்சத்தைத் தாண்டின, கணக்கெடுத்த பகுதி முழுவதும் சேர்த்து வாத்துகள் சுமார் நாலரைக் கோடி. நான் வாத்துகளை இறங்கவைக்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மதகுக்காரன்:
பெயின்ட் அடியுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் காட்டும் கணக்கு மே மாதத்தில் எடுப்பது, அதாவது இளவேனில் தண்ணீரின் கணக்கு. பனி உருகி நிரம்பும் ஆழமில்லாத குழிகள் சீக்கிரம் சூடேறும், பூச்சிபுழு பெருகும், முட்டையிடப் போகும் பெட்டைக்குப் புரதம் அங்கே கிடைக்கும். உங்கள் மழையோ கோடை நடுவில் வந்தது.

வாத்துக்குச் சாப்பாடு சேற்றில் விளைகிறது சார். கோடையில் தண்ணீர் மெல்ல வடிந்து சேறு வெளியே தெரிந்தால்தான் ஆற்றலரி, காட்டுக் குதிரைவாலி, கோரை எல்லாம் முளைக்கும். அவை விதை கட்டிய பிறகு, இலையுதிர் காலத்தில் அதன்மேல் மெல்லிசாகத் தண்ணீர் ஏற வேண்டும். நாற்றுப் பருவத்திலேயே மூன்று வாரம் மூழ்கிக் கிடந்தால் அழுகிப் போகும். அப்புறம் ஆழம். மல்லார்ட், கிளுவை, ஊசிவால் எல்லாம் தலைகீழாகக் கவிழ்ந்து மேய்பவை. ஒரு சாண் தண்ணீர் அவற்றுக்குச் சொர்க்கம். ஒரு முழத்தைத் தாண்டினால் கழுத்து எட்டாது. கரை தெரியாத தண்ணீரில் முக்குளிக்கும் வாத்துகள் வேண்டுமானால் வரும்.

சேற்றுக்கால்:
போன வருடம் வறட்சியில் உங்கள் சேறு ஏக்கர் கணக்கில் கிடந்ததே, வாத்து எங்கே போயிற்று? ஒரு வருடம் காய்ந்த தரையில் முளைத்த புல்பூண்டெல்லாம் இப்போது தண்ணீருக்கடியில் மட்கிக்கொண்டிருக்கிறது. அதில் புழு பெருகாதா? வாத்து விதை மட்டுமா தின்கிறது?

மதகுக்காரன்:
இது சரியான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். காய்ந்து நனையும் சதுப்புதான் கொழுத்த சதுப்பு. எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும் குளம் சில வருடங்களில் சத்துக் கெட்டுப்போகும். ஆனால் கலங்கல் தண்ணீர் வந்தால் வெளிச்சம் அடிக்குப் போகாது, நீருக்கடியில் வளரும் பாசிகளும் கொடிகளும் செத்துவிடும். ஆறு கரை புரண்டால் கெண்டை மீனும் கூடவே உள்ளே வந்துவிடும். அது அடிச்சேற்றைக் கிளறிக்கொண்டே இருப்பதால் அடுத்த வருடமும் தண்ணீர் தெளியாது. உங்கள் சதுப்பில் ஆறு ஏறியதா, வெறும் மழைத் தண்ணீரா?

நாணல்:
இரண்டு பேரும் சதுப்பையே பார்க்கிறீர்கள், நான் வானத்தைப் பார்க்கச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் சீசன் தொடங்கும் வாரத்தில் இப்படித்தான் கொட்டியது. ஐந்து விடியற்காலை மறைப்புக்குள் உட்கார்ந்தேன். தலைக்கு மேல் கூட்டம் கூட்டமாகப் போயின, ஒன்றுகூட இறங்கவில்லை. திரும்பும் வழியில் பார்த்தால் அறுவடை முடிந்த வயலெல்லாம் கணுக்கால் தண்ணீர், அதில் சிந்திய தானியம், அங்கே உட்கார்ந்திருக்கின்றன மகாராணிகள். வறண்ட வருடத்தில் தண்ணீர் இருக்கும் நாலு இடத்துக்குத்தான் அவை வந்தாக வேண்டும். ஈரமான வருடத்தில் உலகமே குளம். வாத்து இருக்கும், உங்கள் பொம்மைகளுக்கு முன்னால் இருக்குமா என்பதுதான் கேள்வி. பாதி நாள் படகு இறக்கும் வழியே மூழ்கிக் கிடந்தது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

சேற்றுக்கால்:
அக்கா, அது ஒரு வாரக் கதை. மொத்தத்தில் வாத்து கூடினால் எல்லாருக்கும் நல்லதுதானே? ஒருவர் எத்தனை சுடலாம் என்ற வேட்டை வரம்பையும் ஏற்றுவார்கள்.

நாணல்:
ஏற்ற மாட்டார்கள். அமெரிக்காவில் 2016 சீசன் முதல், முந்தைய ஆண்டுக் கணக்கை வைத்துத்தான் விதிகளை முடிவு செய்கிறார்கள். இந்த வருடக் கணக்கில் வாத்து கூடியிருந்தாலும் அது அடுத்த வருட விதியில்தான் தெரியும்.

மரக்கலம்:
எதற்கு இந்தப் பாடு? நனைந்து ஒதுங்கும் பறவையைச் சுடாமல் கேமராவோடு போகலாமே.

மதகுக்காரன்:
போகலாம், நானும் போகிறேன். ஆனால் அமெரிக்காவில் அந்தப் பறவை ஒதுங்கும் சதுப்பில் கணிசமான பகுதி, 1934-லிருந்து வேட்டைக்காரர்கள் கட்டாயம் வாங்கும் வாத்து முத்திரைப் பணத்தில் காப்பாற்றியது. அந்தச் சண்டைக்கு வேறு திரி தொடங்குங்கள், இங்கே மழையைப் பேசுவோம்.

பெருமழையில் நான் உண்மையில் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. தண்ணீர் மளமளவென்று ஏறி, அப்புறம் வெயில் காய்ந்து இறங்கும்போது மூழ்கிய செடியும் பூச்சியும் அழுகும். பாட்டுலிசம் என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் விஷநோயைக் கொண்டுவரும் கிருமிக்கு அதுதான் சரியான இடம். ஒரு வாத்து சாகும், பிணத்தில் புழு வைக்கும், விஷம் ஏறிய அந்தப் புழுவை இன்னொரு வாத்து தின்னும், அதுவும் சாகும். கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீரிலேயே மூழ்கிப் போகிறவை நிறைய. நான் பார்த்துக்கொள்ளும் குளத்தில் ஒரு கோடையில் தினமும் காலையில் சாக்குப்பையோடு போய்ப் பொறுக்கினோம். மழை நின்ற சந்தோஷத்தில் யாரும் கரைப்பக்கம் போய்ப் பார்க்காத வாரம் அது. நீங்கள் போய்ப் பாருங்கள்.

சேற்றுக்கால்:
சரி, பயமுறுத்திவிட்டீர்கள். ஆனால் 2015-ஐ மறக்காதீர்கள். முந்தைய வருடத்தைவிடக் குளங்கள் குறைந்தும் வாத்து கிட்டத்தட்ட ஐந்து கோடியைத் தொட்டது. தொடர்ந்து சில ஈரமான வருடங்கள் சேர்ந்தால் அப்படித்தான். ஒரு சீசனை வைத்து மழையைத் திட்டாதீர்கள்.

மதகுக்காரன்:
மழையை நான் திட்டவில்லை, உங்கள் பெயின்ட் டப்பாவைத்தான். இன்னொன்று, மல்லார்டை உங்களிடம் தள்ளிவிடுவது வடக்கே விழும் உறைபனி. அங்கே குளம் உறையாவிட்டால் நீங்கள் எவ்வளவு தண்ணீர் வைத்திருந்தாலும் அது கிளம்பாது.

சேற்றுக்கால்:
ஞாயிறு காலை கம்போடு போய் அளந்துவிட்டு வந்தேன். ஆறு ஏறவில்லை, மழைத் தண்ணீர்தான். நடுவில் மார்பளவு, அங்கே கதை முடிந்தது. வடகிழக்கு மேட்டில் ஒன்றரைச் சாண்தான், ஆற்றலரி பூத்து நிற்கிறது. செத்த பறவை எதுவும் கண்ணில் படவில்லை. பழைய மறைப்பை அங்கே மாற்றலாமா என்று யோசிக்கிறேன். மதகை இப்போதே திறக்கலாமா?

மதகுக்காரன்:
ஒரே நாளில் திறக்காதீர்கள். பலகையை ஒவ்வொன்றாக எடுங்கள், வாரத்துக்கு நாலு விரல் இறங்கினால் போதும். அந்த மேட்டை மட்டும் காய விட்டுவிடாதீர்கள்.

நாணல்:
பக்கத்து வயல்காரர் எப்போது அறுக்கிறார் என்று விசாரித்து வையுங்கள் தம்பி. மழை மறுபடி வந்தால் அங்கேதான் நிற்க வேண்டியிருக்கும்.