பி.கியூ. 17: கெப்பல் விலகிப் போனது சரியா?

கடற்காகம்:
இரண்டாம் உலகப்போர், 1942 ஜூலை 4 இரவு. ரஷ்யாவுக்குப் போர்த் தளவாடம் ஏற்றிப்போன பி.கியூ. 17 கான்வாயை (போர்க்கப்பல் காவலோடு சேர்ந்து போகும் சரக்குக் கப்பல் கூட்டம்) நடுக்கடலில் விட்டுவிட்டு, காவல் தலைமைக் கப்பலான பிரிட்டிஷ் நாசகாரி (டெஸ்ட்ராயர்) எச்.எம்.எஸ். கெப்பல் மற்ற ஐந்து நாசகாரிகளோடு விலகிப் போனது. லண்டன் கடற்படைத் தலைமையின் உத்தரவு கான்வாயை ஆளுக்கொரு திசையில் சிதறச் சொன்னது, கூட இருந்த குரூசர்களை (நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல்கள்) மேற்கே வரச் சொன்னது. நாசகாரிகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. விலகிப் போனது கெப்பலின் கமாண்டர் ஜாக் புரூம் எடுத்த முடிவு. அந்தப் பயணத்தில் 24 கப்பல்கள் மூழ்கின, பெரும்பாலும் சிதறிய பிறகுதான். 153 மாலுமிகள் இறந்தார்கள். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பாய்மரம்:
புரூம் கையில் அந்த நேரம் என்ன இருந்தது என்று பாருங்கள் நண்பரே. 25 நிமிடத்துக்குள் அடுத்தடுத்து மூன்று அவசரச் செய்திகள், கடைசியில் ‘சிதறு’. அவற்றைப் படித்தவர் யாராக இருந்தாலும் ஜெர்மனியின் பெரிய போர்க்கப்பலான டிர்பிட்ஸ் இப்போதே வந்து நிற்கப்போகிறது என்றுதான் நினைத்திருப்பார். குரூசர்களோடு சேர்ந்து அதை எதிர்க்கத்தான் கெப்பல் போனது, குரூசர்களின் தலைவர் அட்மிரல் ஹாமில்டனும் அதற்கு ஒப்புக்கொண்டார். டிர்பிட்ஸ் அப்போது நார்வே ஃபியோர்டில் (மலைகளுக்கிடையே உள்ள கடற்கழி) நின்றுகொண்டிருந்தது. அது லண்டனில் இருந்த கடற்படைத் தலைவர் டட்லி பவுண்டுக்கே உறுதியாகத் தெரியாதபோது, புரூமுக்கு எப்படித் தெரியும்? தன்மீது பழிபோட்ட ஒரு நூலை எதிர்த்து அவர் வழக்குப் போட்டு, 1970இல் 40,000 பவுண்டு நஷ்டஈடும் வாங்கினார்.

கடற்காகம்:
அது அவதூறு வழக்கு. நான் கேட்பது வேறு. மேற்கே போகப் போக எதிரிக் கப்பல் எதுவும் தென்படவில்லையே, அப்போதாவது ஏன் திரும்பவில்லை? கூடப் போன லெட்பரி என்ற நாசகாரியின் கேப்டன் ரோஜர் ஹில் மனதை அது கடைசிவரை அறுத்தது. அடுத்த மாதமே மால்டா கான்வாயில், எண்ணெய் பற்றி எரிந்த கடலுக்குள் கப்பலைச் செலுத்தி ஆட்களைத் தூக்கிக் காப்பாற்றினார். ஓஹையோ என்ற எண்ணெய்க் கப்பலைக் கரைசேர்த்ததிலும் லெட்பரிக்குப் பங்கு உண்டு.

கலங்கரை:
சிதறடித்ததுதான் குற்றம், அதை விட்டுவிட்டு இருவரும் பேசுகிறீர்கள். கூட்டத்தைச் சுற்றி வளையம் கட்டி, நீர்மூழ்கியை நெருங்கவிடாமல் செய்வதுதான் நாசகாரியின் வேலை. முப்பது கப்பல் ஆளுக்கொரு திசையில் போனால் ஆறு நாசகாரி யாரைக் காக்கும்? அதே ஆண்டு டிசம்பர் 31, ஆர்க்டிக்கில் பேரண்ட்ஸ் கடல். ஜே.டபிள்யூ. 51பி கான்வாய் கலையவில்லை. கேப்டன் ஷெர்புரூக்கின் நாசகாரி ஆன்ஸ்லோவும் மற்ற நாசகாரிகளும் டார்பிடோ வருமென்ற பயத்தைக் காட்டியே ஹிப்பர் என்ற பெரிய ஜெர்மன் குரூசரை எட்ட நிறுத்தின. அக்கேட்டஸ் என்ற நாசகாரி புகைத்திரை போட்டபடியே அடிவாங்கி மூழ்கியது. சரக்குக் கப்பல் ஒன்றுகூட மூழ்கவில்லை.

கடற்காகம்:
சிதறிய பிறகும் காக்க முடிந்ததே! அதே பி.கியூ. 17 காவலில் இருந்த அயர்ஷயர் வெறும் டிராலர் (மீன்பிடிக் கப்பல் வகை). அதன் கேப்டன் லியோ கிராட்வெல் மூன்று சரக்குக் கப்பல்களைப் பனிக்கட்டிக்குள் கூட்டிப்போய், வெள்ளைப் பெயின்ட் அடிக்கவைத்து, ரஷ்யாவின் நோவயா செம்லியா தீவு வரை கொண்டுசேர்த்தார். ஒரு நாசகாரிக்கு மூன்று கப்பல் என்று பிரித்திருந்தாலே எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

பாய்மரம்:
பெரிய கப்பல்களின் சண்டை வருகிறது என்று நம்பியவர் டார்பிடோ உள்ள ஆறு நாசகாரிகளையும் அப்படிப் பிரித்திருக்க மாட்டார். அப்புறம், கெப்பலின் கதையை அந்த இரவோடு முடித்துவிடாதீர்கள். 1943 செப்டம்பரில் வட அட்லாண்டிக்கில் யு-229 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மோதி மூழ்கடித்த கப்பல் அது. 1944இல் அதே ஆர்க்டிக் பாதையில் கான்வாய் காத்தபோது யு-713, யு-360 இரண்டையும் முடித்தது.

கடற்காகம்:
சரி, அந்த மூன்றுக்கும் என் மரியாதை உண்டு. ஆனால் அப்போது கெப்பலில் புரூம் இல்லை. அவருடைய முடிவைப் பற்றித்தான் நான் கேட்கிறேன்.