இயற்பியலில் எந்தப் பிரிவில் ஆய்வுக்குப் போகலாம்?

வணக்கம். முதுகலை இயற்பியல் கடைசி ஆண்டு. அடுத்து பிஎச்டிதான், எந்தப் பிரிவு என்பதில்தான் குழப்பம். ஆய்வில் இருப்பவர்கள் கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

துகள் இயற்பியல் மீது சின்ன வயதிலிருந்தே ஆசை. ஆனால் 2012-இல் ஹிக்ஸ் போசான் என்ற அடிப்படைத் துகள் கிடைத்த பிறகு அந்த அளவுக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் பெயர் போடும் கட்டுரையில் ஒரு மாணவரின் வேலை தனியாகத் தெரியுமா? ஈர்ப்பலை (கால-வெளியில் பரவும் சிற்றதிர்வு) பக்கம் நிலைமை வேறு. 2015-இல் லைகோ என்ற ஆய்வகம் முதல் அலையைப் பிடித்ததிலிருந்து தரவு குவிந்துகொண்டே போகிறது.

இப்போது என்னை அதிகம் இழுப்பது செறிபொருள் இயற்பியல், அதாவது திண்மம், நீர்மம் போன்றவற்றின் பண்புகளை ஆராயும் பிரிவு. இரண்டு கிராஃபீன் (ஓர் அணு தடிமனே உள்ள கார்பன்) தாள்களைச் சுமார் 1.1 டிகிரி திருப்பி அடுக்கி, எலெக்ட்ரான் அடர்த்தியைச் சரிப்படுத்தினால், மிகக் குறைந்த வெப்பநிலையில் அது மீகடத்தியாகிறது (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துகிறது) என்று 2018-இல் காட்டினார்கள். கார்பனைத் தவிர வேறொன்றும் இல்லை, கோணம்தான் எல்லாம்! இதையெல்லாம் சிறிய குழுவே செய்ய முடிகிறது என்பது இன்னொரு கவர்ச்சி.

குவாண்டம் கணினிக்குப் போ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இன்று பணம் கொட்டுகிறது, சரி. நான் முடித்து வெளியே வரும்போதும் கொட்டுமா?

நிரல் எழுதப் பிடிக்கும். சோதனைக்கூட வேலையில் கை அவ்வளவு சுத்தமில்லை. பிரிவைப் பார்த்துச் சேர்ந்தீர்களா, நெறியாளரைப் பார்த்தா? பாதியில் பிரிவு மாறியவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். "பிடித்ததைச் செய்" என்ற பதில் மட்டும் வேண்டாம், எனக்கு நாலும் பிடித்திருக்கிறது.