நோ சவுண்ட்ஸ் வைத்தும் சிஸ்டம் அலர்ட் சத்தம் நிற்கவில்லை, உதவி தேவை

திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் ஆடியோ டெஸ்க்டாப். விண்டோஸ் 10, 22எச்2 பதிப்பு. யூஎஸ்பி சவுண்டு கார்டு வழியாக மிக்சருக்குப் போகிறது. பாட்டு ஓடும்போது இடையிடையே "டிங்" என்று ஒரு சத்தம் ஆம்ப்ளிஃபயரில் வருகிறது. கெட்டிமேளத்தில் அமுங்கிவிடும், ஐயர் மந்திரம் சொல்லும்போது மண்டபமே திரும்பிப் பார்க்கும்.

ஆடியில் பில்லிங் சாஃப்ட்வேரும் யூபிஎஸ் சாஃப்ட்வேரும் போட்ட பிறகுதான் ஆரம்பம். திரையில் எந்தப் பெட்டியும் வருவதில்லை. விண்டோஸின் வால்யூம் மிக்சரில் 'சிஸ்டம் சவுண்ட்ஸ்' கோடு மட்டும் எகிறுகிறது.

கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் ஸ்கீம் (எதற்கு எந்தச் சத்தம் என்ற தொகுப்பு) 'நோ சவுண்ட்ஸ்' வைத்தாயிற்று. அது அக்கவுண்டுக்கு அக்கவுண்டு தனி என்பதால் இரண்டு லாகினிலும் வைத்தோம். தீம் மாற்றினால் பழைய ஸ்கீம் திரும்பிவிடும், அதையும் பார்த்தாயிற்று. நோட்டிஃபிகேஷன் சத்தம், சத்தம் எழுப்பும் கீபோர்டு வசதிகளான டாகிள் கீஸ், ஃபில்டர் கீஸ் எல்லாம் ஆஃப். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் பீப் சத்தத்துக்கான டிரைவரை டிசேபிள் செய்து ரீஸ்டார்ட்டும் ஆயிற்று.

வால்யூம் மிக்சரில் சிஸ்டம் சவுண்ட்ஸை மியூட் செய்தால் நிற்கிறது. ஆனால் அந்த மியூட் சாதனத்தோடு ஒட்டியது. சவுண்டு கார்டை வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகினால் புதுச் சாதனமாக எடுத்துக்கொண்டு மறுபடி டிங். மண்டபத்தில் ஒயரைப் பிடுங்கிச் செருகாத ஆள் யார்?

ஏதோ ஒரு ப்ரோகிராம் தன் சொந்த வேவ் ஃபைலை (ஒலிக் கோப்பை) சிஸ்டம் சவுண்டு கணக்கில் ஓட்டுகிறது என்பது என் சந்தேகம். முகூர்த்த சீசனில் அந்த இரண்டு சாஃப்ட்வேரையும் கழற்றிப் பார்க்க முடியாது.

சிஸ்டம் சவுண்ட்ஸ் வழியாகச் சத்தம் அனுப்புவது எந்த ப்ரோகிராம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?